குறைவாக எரியும் வீடுகள்

அத்தியாயம் 6

காலையில் கதவைத் திறந்தால் என் ஷூவைக் காணோம்.

வாசலில் இருக்கும் செருப்புத் தட்டில் என் மனைவி ரொஹானியின் இரண்டு ஜோடி மட்டும் ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. என்னுடைய கறுப்பு ஷூ, நடைப்பயிற்சிச் சப்பாத்து, மீன்பிடிக்கப் போகும்போது போடும் ரப்பர் பூட்ஸ் என்று மூன்றும் மாயம். எங்கே என்று வாசலில் நின்று கத்தினேன்.

"தட்டு நாறுது பாங். எல்லாத்தையும் கழுவிப் பின்னால காயப்போட்டிருக்கேன்" என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது; பாங் என்பது எங்கள் மலாயில் புருஷனைக் கூப்பிடும் சொல். "குளியலறைச் சிலிப்பரைப் போட்டுக்கிட்டுப் போங்க. நீங்க என்ன மந்திரியையா பார்க்கப் போறீங்க?"

முப்பத்தொரு வருடம் குடும்பம் நடத்தியவன் இதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டான். நீல ரப்பர் சிலிப்பரோடு துப்பறியக் கிளம்பினேன்.

மேடம் குவெக், கார்மென் மின்ஜூட் வாழ்ந்த அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே எனக்காகக் காத்திருந்தார். இருபத்திரண்டு வருடம் காப்புறுதி நிறுவனத்தில் பொய்க் கோரிக்கைகளைக் கண்டுபிடித்துத் தள்ளுபடி செய்தவர். அந்தப் பழக்கத்தில், உண்மை பேசுகிறவர்களைக் கண்டால்தான் அவருக்கு அதிகச் சந்தேகம் வரும். நான் ஜுமாட், பழைய டாக்சிக்காரன். இப்போது அவருக்கு ஓட்டுநர், மொழிபெயர்ப்பாளர், பசித்தால் கறிப்பாப் வாங்கி வருகிறவன், எல்லாம் நானே.

மேடம் என் காலைப் பார்த்தார். "கடற்கரைக்கா ஜுமாட்?"

"இல்ல மேடம், குளிக்கப் போறேன். வழியில உங்களைப் பார்த்துட்டேன்."

அவர் சிரிக்கவில்லை. சிரிக்கும் நிலையில் யாரும் இல்லை. இரண்டு மாதத்தில் இந்தப் பேட்டையில் மூன்று பேர் செத்திருந்தார்கள். முதலில் போ என்ற ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர். அடுத்து மதாம் எங் என்ற தையல்காரி. போன வாரம் கார்மென். மூன்று பேருமே தனியாக வாழ்ந்தவர்கள், மூன்று பேருமே குளியலறையில் விழுந்து தலையில் அடிபட்டவர்கள். வயதானவர்கள் வழுக்கி விழுவது நடப்பதுதான் என்று போலீஸ் கோப்பை மூடிவிட்டது. கார்மெனின் அக்கா ஃபிலோமினா மட்டும் ஒப்புக்கொள்ளாமல் எங்களைத் தேடி வந்தார். மற்ற இரண்டு வீடுகளையும் நாங்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டோம்.

ஒன்பதாவது மாடியில் அவர் கதவைத் திறந்து வைத்திருந்தார். வாசலில் ஒரே ஒரு ஜோடி வெள்ளைச் செருப்பு, செத்துப்போனவருடையது, இன்னும் அப்படியே கிடந்தது. நடைபாதையில் ஆள் அரவமே இல்லை. எனக்கு அந்த வீட்டுக்குள் நுழையவே பிடிக்கவில்லை.

"அம்மாவோட வளையல் காணோம். பிஸ்கட் டின்னுல இருந்த பணமும் காணோம்" என்றார் ஃபிலோமினா. "அதெல்லாம் போகட்டும், எனக்கு வேணாம். அவன் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டறதுக்குள்ள நீங்க அவனைப் பிடிக்கணும். எனக்கு ராத்திரி தூக்கமே வரல மேடம்."

"கதவு உடைபடல. உங்க தங்கச்சியே திறந்து விட்டிருக்காங்க" என்றார் மேடம். "யாருக்குத் திறப்பாங்க?"

"யாருக்கும் திறக்க மாட்டா. எனக்கே ரெண்டு தடவை பேரு கேட்டுட்டுத்தான் திறப்பா."

மேடம் சமையலறையைச் சுற்றிப் பார்த்தார். ஒரு சின்னச் சட்டி, ஒரு கரண்டி, ஒரு கிண்ணம். அந்த ஏழ்மையான மேடையில், பளபளவென்று வெள்ளை நிறத்தில் ஒரு ஏர் ஃபிரையர்.

"இது எப்ப வாங்கினது?"

ஃபிலோமினா விழித்தார். "தெரியலயே. அவ பொரிச்சது எதையும் தொட மாட்டா. டாக்டர் வேணாம்னுட்டார். கஞ்சியும் அவிச்ச மீனுந்தான்."

நான் அதன் கூடையை இழுத்துப் பார்த்தேன். உள்ளே பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. "மேடம், போ வீட்டுலயும் இதே மாதிரி ஒண்ணு இருந்துச்சே. பறவைக்கூண்டுக்குப் பக்கத்துல."

"மதாம் எங் வீட்டுல பெட்டியையே பிரிக்கல" என்றார் மேடம் மெதுவாக. "தையல் மெஷினுக்குப் பக்கத்துல. துணிப் பெட்டின்னு நினைச்சுட்டேன். என் புத்தி எங்க போச்சோ!"

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தில் ஒரு இளஞ்சிவப்பு நகல் தாள் ஒட்டியிருந்தது. மேலே ஒரு மின்னல் படம், கம்பெனிப் பெயர் இல்லை. மின்சாரத்தை வேறு கம்பெனியிடம் வாங்கத் திட்டம் மாற்றும் விண்ணப்பம். வீட்டில் வசிப்போர்: ஒருவர். மாத மின்கட்டணம்: 28 வெள்ளி. பாதி விலைக்கு வேண்டிய நான்கு மணி நேரம்: காலை 10 முதல் 2 வரை. கீழே அன்பளிப்பு என்ற இடத்தில் ஏர் ஃபிரையர், தனியாக வசிப்பவர்களுக்கு மட்டும். ஆறு வாரத்துக்கு முந்தைய தேதியில் கார்மெனின் கையெழுத்து.

"அவங்க கடைசி மின்சார பில்லு இருக்கா?" என்று கேட்டார் மேடம்.

ஃபிலோமினா கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மேடம் அதையும் இளஞ்சிவப்புத் தாளையும் அருகருகே வைத்துப் பார்த்தார். பில்லில் பழைய கம்பெனி, பழைய விலை.

"கையெழுத்து போட்டு ஆறு வாரம். கம்பெனி மாறல, விலை மாறல. பொரிக்கிற சட்டி மட்டும் வீடு வந்து சேர்ந்திருக்கு."

"சாமானை விக்காம இலவசத்தை மட்டும் குடுக்கற வியாபாரி!" என்றேன். "டாக்சி ஓட்டின காலத்துல இப்படி ஒருத்தனைத் தேடி ஊரெல்லாம் அலைஞ்சிருக்கேன் மேடம், கிடைக்கல."

"இப்பக் கிடைப்பான். இந்தத் தாளை எங்க குடுத்தாங்க?"

"சந்தைக்குப் பக்கத்துல, சனிக்கிழமை மேசை போடுவாங்களே, அங்க" என்றார் ஃபிலோமினா. "ஒரு பெரிய மனுஷன் ரொம்பப் பொறுமையாப் பேசினார்னு சொன்னா. இவ்வளவு நேரம் யாரும் தன்கிட்டப் பேசினதே இல்லன்னா." சொல்லிவிட்டு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்று சனிக்கிழமைதான். நாங்கள் சந்தைப் பக்கம் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றே முக்கால் இருக்கும். புளோக்கின் கீழ்த்தளத்தில் மின்சாரம் விற்கும் கம்பெனிகளின் நான்கு மேசைகள் வரிசையாக நின்றன. மூன்றில் பலூன், பதாகை, இலவசக் குடை, கத்தல். நான்காவது மேசை காலி. ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி மட்டும் உள்ளே தள்ளி வைக்கப்பட்டிருந்தது.

மூன்றாவது மேசைக்காரன் என்னைப் பார்த்ததும் எழுந்தான். சட்டையில் ஜெரல்ட் ஃபூ என்று பெயர் குத்தியிருந்தது. "அங்கிள்! மாசம் கரண்டுக்கு எவ்வளவு கட்டுறீங்க?"

"நாப்பத்தொரு வெள்ளி."

அவன் முகம் சட்டென்று வாடிவிட்டது. "ஏர்கான் இல்லையா?"

"என் வீட்டுல ஏர்கான்னா சன்னல். கொஞ்சம் கூடுதலா வேணும்னா ரெண்டு சன்னல்."

அவன் உட்கார்ந்துவிட்டான். மேடம் அந்த வாடிய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, திட்டம் மாற்ற வந்த அப்பாவி ஆண்ட்டியைப் போல நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"தம்பி, இதுல எது நல்ல திட்டம்? எனக்கு ஒண்ணுமே புரியல."

"மூணு வகை ஆண்ட்டி. ஒண்ணு, ரெண்டு வருஷத்துக்கு ஒரே விலை. இன்னொண்ணு, அரசாங்க விலை ஏறினாலும் இறங்கினாலும் அதுல தள்ளுபடி. மூணாவது, ராத்திரி மலிவு, பகல்ல கூடுதல். கரண்ட் அதே கரண்ட், கம்பி அதே கம்பி. பில்லுல பேருதான் வேற."

"அப்புறம் எதுக்கு நாலு மேசை?"

"அதான் ஆண்ட்டி போட்டி!"

"யாருக்கு லாபம்?"

ஜெரல்ட் குரலைத் தாழ்த்தினான். "உண்மையச் சொல்லவா? நாலு ஏர்கான் ஓடுற வீட்டுக்கு மாசம் அறுபது வெள்ளி மிச்சமாகும். அங்கிள் மாதிரி ஆளுக்கு ரெண்டு வெள்ளி. அவரைச் சேர்த்துவிட்டா எனக்குக் கோப்பிக் காசுகூடத் தேறாது. கம்மியா எரிக்கிறவங்க வந்தா பக்கத்து மேசைக்கு அனுப்பிடுவோம். ஹென்ட்ரி அங்கிள் பார்த்துக்குவார்."

"காலியா இருக்கே, அந்த மேசையா?"

"ஆமா. காலைல இருந்தார். மத்தியானத்துக்கு மேல யாருக்கோ அன்பளிப்பு குடுக்கணும்னு பெட்டியைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிட்டார். தானே நேர்ல கொண்டுபோய்க் குடுப்பார் ஆண்ட்டி. தங்கமான மனுஷன்."

"எந்தக் கம்பெனிக்காரர்?"

ஜெரல்ட் தலையைச் சொறிந்தான். "கேட்டதில்ல ஆண்ட்டி. நாங்க எல்லாரும் போட்டிக் கம்பெனி. ஒருத்தர் விலைய ஒருத்தர் கேக்கக் கூடாதுன்னு மேல இருந்து உத்தரவு. அதனால பேச்சு மழை, ஃபுட்பாலோட நிக்கும்."

"பெரிய பில்லுக்காரங்க அவர்கிட்டப் போனா?"

"அப்படியே என்கிட்டத் தள்ளி விடுவார்! போன மாசம் அஞ்சு ரூம் வீடு, முன்னூறு வெள்ளி பில்லு. கூட்டிட்டு வந்து என் நாற்காலியில உட்கார வச்சார். அதான் தங்கமான மனுஷன்னேன்."

மேடம் என் பக்கம் திரும்பினார். "ஜுமாட், டாக்சி ஓட்டறப்ப, சாங்கி ஏர்போர்ட்டுக்குப் போற பயணியப் பக்கத்து டாக்சிக்கு அனுப்பிட்டு, அடுத்த புளோக்குக்குப் போறவங்களாத் தேடித் தேடி ஏத்துவீங்களா?"

"கிறுக்குப் பிடிச்சா ஏத்துவேன் மேடம். இல்ல, வண்டி ஓட்டறது என் தொழிலா இல்லேன்னா ஏத்துவேன்."

வழக்கம்போல வாய்க்கு வந்ததைத்தான் சொன்னேன். ஆனால் ஜெரல்ட் அந்தக் காலி மேசையைத் திரும்பிப் பார்த்தான். மேல்மாடியில் யாரோ கயிற்றில் காயப்போட்ட போர்வையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

மேடம் இளஞ்சிவப்புத் தாளை மேசையில் வைத்தார். ஜெரல்ட் படித்தான். அவன் நெற்றி சுருங்கியது.

"பாதி விலை நாலு மணி நேரம், நேரத்த நாமளே குறிச்சுக் குடுக்கணுமா? இப்படி ஒரு திட்டமே கிடையாது ஆண்ட்டி. எந்தக் கம்பெனியும் விக்காது. வித்தா ஒரே மாசத்துல கடையைச் சாத்தணும்."

"அவர் கரண்ட் விக்கல தம்பி" என்றார் மேடம். "கார்மென் குறிச்சுக் குடுத்தது பத்துல இருந்து ரெண்டு. அவங்க விழுந்த சத்தம் கீழ்வீட்டுக்குக் கேட்டது மத்தியானம் பன்னெண்டுக்கு. ஜுமாட், போ வீட்டு நாட்காட்டியில பென்சிலால என்ன எழுதியிருந்துச்சு?"

"அஞ்சு, ஒன்பது" என்றேன். போ வீட்டில் அதைப் பார்த்தபோது, செத்தவர் வீட்டில் கிடைத்த எண், அதிர்ஷ்டம் அடிக்கும் என்று நினைத்து, 0509-க்கு நாலு நம்பர் லாட்டரிச் சீட்டில் இரண்டு வெள்ளி கட்டியிருந்தேன். வெட்கத்தில் அதை மேடத்திடம் சொல்லவேயில்லை.

"அவர் செத்தது விடியக்காலை ஆறு மணிக்கு. தனியா எப்ப இருப்பீங்கன்னு ஒருத்தன் கேட்டா, கதவைச் சாத்திட்டுப் போலீசைக் கூப்பிடுவோம். எந்த நேரத்துல அதிகமா கரண்ட் எரிப்பீங்கன்னு கேட்டா? யோசிப்போம். அடிச்சுத் திருத்துவோம். கையெழுத்தும் போட்டுக் குடுப்போம். கம்மியான பில்லுன்னா ஒரே ஆள். ஒரே ஆள்னா சேமிச்சு வச்ச காசு. அவன் இலவசத்தோட வந்து நிக்கறப்ப கதவும் தானாத் திறக்கும்."

ஜெரல்ட் தாளை மேசையில் போட்டுவிட்டான். "நான்தான் அனுப்பினேன் ஆண்ட்டி. இந்தப் பேட்டையில செத்த மூணு பேரையும் நான்தான்…"

"அழ அப்புறம் நேரம் இருக்கு. இன்னிக்கு அவன் பெட்டி தூக்கிட்டுப் போனது யார் வீட்டுக்கு?"

"தெரியாது. சத்தியமாத் தெரியாது. அவர் எல்லாத்தையும் பென்சிலால தாள்லதான் எழுதுவார்." அவன் பரபரவென்று கைப்பேசியைத் தடவினான். "இருங்க, கூட்டம் வந்ததுக்கு அத்தாட்சியா வாராவாரம் நான் மேனேஜருக்குப் படம் அனுப்பணும். இது ரெண்டு வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை. அவர்கிட்டக் கடைசியாக் கையெழுத்து போட்டது அன்னிக்கு வந்த ஒரே ஒரு ஆள்தான்."

படத்தின் ஓரத்தில் ஹென்ட்ரி இருந்தார். நரைத்த தலை, இஸ்திரி போட்ட சட்டை. சரியாகப் படம் எடுக்கும் நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். எதிரே ஒரு பெண், பழுப்பு நிறத் தலைத்துண்டு, முதுகு மட்டும் தெரிந்தது. மடியில் எதையோ வைத்திருந்தாள், ஆரஞ்சு நிறம் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. மேடம் படத்தைப் பெரிதாக்கினார். மேசையில் இருந்த தாளில் எழுத்து கலங்கியது. ஆனாலும் எண்களைப் படிக்க முடிந்தது. 2 – 6.

"ரெண்டுலேருந்து ஆறு. மணி இப்ப ரெண்டு தாண்டிடுச்சு" என்றார் மேடம். "தம்பி, இந்த அம்மா யாரு? எதையாவது ஞாபகப்படுத்து."

"ஒரு மலாய் ஆண்ட்டி. பில்லு நாப்பது சொச்சம், அதான் அங்க அனுப்பினேன். ஏர் ஃபிரையர் தனியா இருக்கறவங்களுக்கு மட்டுந்தான்னு ஹென்ட்ரி அங்கிள் சொன்னதும் எழுந்து போயிட்டாங்க. காய்கறிக் கடையை ஒரு சுத்து சுத்திட்டுத் திரும்பி வந்து, 'நானும் தனிதான், வீட்டுக்காரர் இல்ல'ன்னாங்க. அதுக்குள்ள முழுக் கோழி நிக்குமான்னு ரெண்டு தடவை கேட்டாங்க."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "எங்க ஆளுங்கதான் மேடம், சந்தேகமே இல்ல. இலவசம்னா கட்டின புருஷனையே கொன்னுடுவாங்க."

மேடம் சிரிக்கவில்லை. படத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து என் காலைப் பார்த்தார்.

"ஜுமாட்," என்றார். "உங்க ஷூ எங்க?"

"அதான் சொன்னேனே, கழுவிக் காய…"

பாதியில் நின்றுவிட்டேன். மூன்று ஜோடி. என்னுடையது மூன்றும். அவளுடையது ஒன்றுகூடக் கழுவப்படவில்லை. பெட்டியைக் கொடுக்க வருகிற மனிதன் வாசலில் நின்று முதலில் எதைப் பார்ப்பான்? இந்த ஊரில் ஒரு வீட்டில் எத்தனை பேர், ஆணா பெண்ணா என்று கதவைத் தட்டாமலே செருப்புத் தட்டு சொல்லிவிடும்.

படத்தைப் பிடுங்கிப் பார்த்தேன். மடியிலிருந்த ஆரஞ்சு நிறம் ஒரு துணிப்பை. எங்கள் டாக்சிக் கம்பெனி நாற்பதாவது ஆண்டு விழாவில் ஓட்டுநர்களுக்கு மட்டும் கொடுத்த பை. அதில் பிடி அறுந்து, கறுப்பு நூலால் தைத்திருந்தது. தைத்தவன் நான்.

மேடம் அதற்குள் தன் கைப்பேசியில் போலீசுக்கு என் வீட்டு முகவரியைச் சொல்லிக்கொண்டிருந்தார், எந்த மாடி, எந்தக் கதவு என்பதுவரை. "கூப்பிடுங்க ஜுமாட்! நின்னுட்டு இருக்காம அவங்களைக் கூப்பிடுங்க!"

கூப்பிட்டேன். ஐந்து முறை மணி அடித்தது. ஆறாவதில் எடுத்தாள்.

"ஹலோ?" விருந்தாளி வந்தால் மட்டும் அவளுக்கு வரும் மெல்லிய குரல். பின்னால், பெட்டியில் ஒட்டிய டேப்பைக் கிழிக்கும் சத்தம். ஒரு ஆண் பொறுமையாகத் தொண்டையைச் செருமினான்.

"ரொஹா, நான்தான். நல்லாக் கேளு. அந்த ஆளை விட்டுட்டு வாசலுக்கு ஓடி வா. இப்பவே. கதவு திறந்துதானே இருக்கு? ஓடி வந்து கத்து."

டேப் கிழிக்கும் சத்தம் நின்றது. புரிந்துகொண்டாள் என்று நினைத்தேன்.

"தப்பான நம்பருங்க" என்றாள், தேன் சொட்ட.

"ரொஹா!"

கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்திருப்பாள். குரல் தள்ளிப் போனது, ஆனாலும் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது. ஹென்ட்ரியிடம்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"யாரோ ஒரு ஆம்பளை, நம்பர் மாத்திப் போட்டுட்டார். எனக்கு யாருங்க இருக்கா, கூப்பிட? என் வீட்டுக்காரர் செத்து ஆறு வருஷமாச்சு. கதவைச் சாத்திட்டு வாங்க, உள்ள வச்சே பிரிச்சுப் பார்ப்போம்."

தொடர்பு அறுந்தது. சிலிப்பர் எந்த இடத்தில் கழன்றது என்று தெரியவில்லை. சந்தைக்கு நடுவே வெறுங்காலோடு ஓடிக்கொண்டிருந்தேன்.